சுக்கினி மடியும் தோட்டத்தில் ட்ரொம்போன்சீனோ: பந்தலில் ஏற்றும் கோடைப் பூசணி

வாசகர் ஒருவரின் கேள்வி:

நாங்கள் நடு நியூஜெர்சியில் இருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முழுவதும் செழித்து நிற்கும் சுக்கினிச் செடி, ஜூலை நடுவில் திடீரென்று துவண்டு விழுந்துவிடுகிறது. மருந்து அடிக்காமல் இந்தப் பகுதியில் கோடைப் பூசணி வளர்க்கவே முடியாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 10

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. நானும் இதே மாநிலத்தில்தான் பல கோடைகளாகத் தோட்டம் போடுகிறேன். கோடைப் பூசணி, அதாவது பிஞ்சிலேயே பறித்துச் சமைக்கும் பூசணி, மருந்தில்லாமல் வளரும்; அதில் ஒரு வகையான சுக்கினிதான் இங்கே நிலைக்காது.

நீங்கள் சொல்லும் வாட்டம் தண்ணீர்க் குறைவால் வருவதன்று. அடுத்த முறை செடி துவளும்போது மண்ணை ஒட்டிய அடித்தண்டைக் குனிந்து பாருங்கள். அங்கே ஒரு சிறு துளையும், அதிலிருந்து பிதுங்கிய ஈரமான மஞ்சள் நிறத் தூளும் தெரியும். தண்டைக் கத்தியால் நீளவாக்கில் கீறினால், பழுப்புத் தலையுடன் கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று உள்ளே கிடக்கும். அதுதான் தண்டுத் துளைப்பான். இதன் தாய் அந்துப்பூச்சி பகலில் பறக்கும். ஆரஞ்சு நிற வயிற்றில் கரும்புள்ளிகள் இருப்பதால் குளவி என்று நினைத்து விலகிப் போகிறவர்களே அதிகம். அது அடித்தண்டில் தட்டையான பழுப்பு நிற முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் பொரியும் புழு உடனே தண்டுக்குள் நுழைந்து நான்கு முதல் ஆறு வாரம் தின்றுவிட்டு, மண்ணில் இறங்கிக் கூடு கட்டிக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கும். புழு உள்ளே போனபின் வெளியே அடிக்கும் எந்த மருந்தும் அதை எட்டாது.

சுக்கினி, மஞ்சள் வளைகழுத்துப் பூசணி, தட்டுப் பூசணி ஆகிய மூன்றும் குக்கர்பிட்டா பெப்போ என்ற ஒரே இனம். இவற்றின் தண்டு உள்ளே கூடாகவும் மென்மையாகவும் இருப்பதால் புழுவுக்கு வீடும் உணவும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. குக்கர்பிட்டா மொஸ்காட்டா இனத்தின் தண்டு கெட்டியானது, உள்ளே நிறைவானது. நம் ஊர்ப் பரங்கி, அமெரிக்கக் கடைகளில் விற்கும் பட்டர்நட் ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. இவற்றைப் பெரும்பாலும் முற்றவிட்டுத்தான் அறுப்பார்கள். பிஞ்சாகப் பறித்துக் கோடைக் காயாகச் சமைப்பதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட மொஸ்காட்டா ரகம் ஒன்று இத்தாலியின் லிகூரியாக் கடற்கரையில், அல்பெங்கா என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறது. அங்கே அதை ட்ரொம்பெத்தா என்கிறார்கள். இங்கே விதை விற்பவர்கள் ட்ரொம்போன்சீனோ என்றோ, சுக்கெத்தா ராம்பிகான்தே என்றோ அச்சிடுகிறார்கள். நீங்கள் தேட வேண்டியது அதைத்தான்.

மார்ச் 14

வலைத்துணி போட்டு மூடினால் சுக்கினியையே காப்பாற்றலாமே என்று பென்சில்வேனியா நண்பர் எழுதியிருக்கிறார். காப்பாற்றலாம், ஆனால் இரண்டு சிக்கல்கள் உண்டு. பெண் பூ மலரும் நாளில் தேனீ வருவதற்காகத் துணியை எடுத்தாக வேண்டும், அல்லது தினமும் விடியலில் எழுந்து கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். பெண் பூ வரும் காலமும் அந்துப்பூச்சி பறக்கும் காலமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே அமைகின்றன. இரண்டாவது சிக்கல், சென்ற ஆண்டு பூசணி போட்ட பாத்தியிலேயே துணியைப் போர்த்தினால் மண்ணுக்குள் தூங்கிய பூச்சி துணிக்கு உட்புறத்தில் எழுந்து வரும் என்பது. சிறிய தோட்டத்தில் ஆண்டுதோறும் இடம் மாற்ற எத்தனை பாத்திகள் இருக்கும்?

மார்ச் 15

மகரந்தம் இல்லாமலே காய்க்கும் சுக்கினி ரகங்களைத் துணிக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று அவரே பதில் தந்துவிட்டார். அது சரியான வழிதான். அதற்குத் தேவையான வளைவு, துணி, கட்டுக்கல் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

ஏப்ரல் 2

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் வளர்க்கும் நீளமான குகுட்ஸாவும் இதுவும் ஒன்றுதானே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றல்ல. குகுட்ஸா என்பது நம் சுரைக்காயேதான். சிசிலியிலிருந்து வந்தவர்கள் அதன் நீள ரகத்தைக் கொண்டுவந்து கொல்லைகளில் ஏற்றினார்கள். காய் மட்டும் பார்த்தால் இரண்டும் வெளிர் பச்சையாக, நீளமாக, வளைந்து தொங்கும். பூவைப் பார்த்தால் சந்தேகமே வராது. சுரைப்பூ வெள்ளை, மாலையில் விரியும். ட்ரொம்போன்சீனோவின் பூ ஆழ்ந்த மஞ்சள், விடியலில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். காயின் அமைப்பும் வேறு. சுரைக்காயின் நீளம் முழுவதும் விதை ஓடும். ட்ரொம்போன்சீனோவில் கீழ்நுனியில் இருக்கும் சிறு குடத்துக்குள் மட்டுமே விதை இருக்கும், அதற்கு மேலே உள்ள நீண்ட கழுத்து முழுக்கச் சதை.

குகுட்ஸா வளர்க்கும் பெரியவரிடம் தயங்காமல் பேசுங்கள். அவர்கள் அதன் கொழுந்தையும் இளம் இலையையும் பறித்துச் சூப்பாக வைப்பார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் உரத்துக்குப் போகும் பகுதி அது.

ஏப்ரல் 21

ஒருவர் நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார். மொஸ்காட்டாவின் பிஞ்சுதான் வேண்டுமென்றால் நம் பரங்கியையே போட்டுவிடலாமே, பரங்கிப் பிஞ்சு கூட்டை விடவா இத்தாலியக் காய் பெரிது என்கிறார்.

சுவையில் நான் அவர் கட்சிதான். வெயில்நாளின் நீளம்தான் குறுக்கே நிற்கிறது. வெப்பமண்டலத்தில் வளர்ந்த மொஸ்காட்டா நாட்டு ரகங்களில் பல, பகல் குறுகும்வரை பெண் பூ எடுக்கத் தயங்கும். நியூஜெர்சி ஏறத்தாழ 40 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாதப் பகல் 15 மணி நேரம் நீள்கிறது. கொடி வேலியைத் தாண்டி ஓடும், ஆண் பூவாகக் கொட்டும், பிஞ்சு விழத் தொடங்கும்போது செப்டம்பர் வந்துவிடும், அக்டோபரில் உறைபனி வந்து கதையை முடித்துவிடும். அல்பெங்கா நம்மைவிட இன்னும் வடக்கே, 44 டிகிரியில் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வளர்த்த ரகத்துக்கு நீண்ட பகல் பழக்கமான ஒன்று. அதனால் ஜூலை முடிவதற்குள் இங்கே அது பெண் பூ எடுத்துவிடுகிறது. பரங்கியின் குணங்களை வடக்கத்திக் கோடைக்குள் அடக்கிக் கொடுப்பது இந்த ரகத்தின் தனிச்சிறப்பு என்பேன்.

மே 18

இன்று விதை போட்டேன். மண் நன்றாகச் சூடேறும்வரை பொறுத்திருங்கள். மொஸ்காட்டா விதை குளிர்ந்த ஈரமண்ணில் முளைப்பதைவிட அழுகுவதே அதிகம். கையை மண்ணில் வைத்தால் சில்லிடாத நாள் வரட்டும். ஓர் அங்குல ஆழம், குழிக்கு இரண்டு மூன்று விதை, முளைத்தபின் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் நிற்கும் நாற்றின் வேரும் ஆடிவிடும்.

பந்தலைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் காயில் பாதி வெற்றி பந்தலில்தான் இருக்கிறது. கொடி 15 அடிக்குக் குறையாது. உரமும் வெயிலும் சரியாக அமைந்தால் அதைவிட இரு மடங்கும் ஓடும். தரையில் படரவிட்டால் காய்கள் வளைந்து சுருண்டு, மண்ணில் படும் பக்கம் புண்ணாகிவிடும். மேலிருந்து தொங்கினால் தன் எடையாலேயே நேராக இறங்கும், பறிப்பதும் எளிது. தக்காளிக்கு விற்கும் மெல்லிய கம்பிக்கூடு இதைத் தாங்காது. பண்ணைப் பொருள் கடைகளில் மாட்டுவேலிக்கு விற்கும் கனமான கம்பிப் பலகை 16 அடி நீளம், 50 அங்குல அகலத்தில் கிடைக்கும். அதை வளைத்து, இரு முனைகளையும் தரையில் அடித்த இரும்புக் கால்களில் கட்டினால் ஆள் நுழைந்து நடக்கும் வளைவு கிடைத்துவிடும். காய் வளைவின் உட்பக்கம் தொங்கும். இலை மேலே நிழலாக நிற்கும். ஊரில் சவுக்குக் கழியும் கயிறும் வைத்துப் போட்ட பந்தலின் வேலையை இது அப்படியே செய்கிறது. பல ஆண்டுகள் பிரிக்கவும் தேவையில்லை.

இன்னொரு யோசனை. இதே நாளில் இரண்டு சுக்கினி விதையும் தனியே ஒரு மூலையில் போட்டிருக்கிறேன். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 27

சாலையோரத்தில் நீலச் சிக்கரிப் பூ விரிந்துவிட்டது. அந்துப்பூச்சி வெளிவரும் காலமும் இதுதான். காலையில் அடித்தண்டைச் சுற்றிப் பார்த்து, பழுப்பு முட்டை தெரிந்தால் நகத்தால் சுரண்டிவிடுங்கள். சுக்கினியில் இதைத் தினமும் செய்ய வேண்டியிருக்கும். ட்ரொம்போன்சீனோவில் நான் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

ஜூலை 9

பூவாகக் கொட்டுகிறது, ஒரு பிஞ்சையும் காணோம் என்று கவலைப்பட்டு எழுதியவருக்கு: எல்லாம் ஆண் பூக்கள். பூசணி பெரும்பாலும் முதலில் ஆண் பூவைத்தான் எடுக்கும். வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்தால் அது இன்னும் சில நாள் நீளும். காம்பு மெலிந்து நீண்டிருந்தால் ஆண். பூவுக்குக் கீழே விரல் நீளத்தில் வளைந்த பச்சைப் பிஞ்சு, நுனியில் சிறு முடிச்சுடன் இருந்தால் பெண். ஐயமே வராத அளவுக்கு இரண்டும் வேறுபட்டிருக்கும். பொறுத்திருக்கும் நாட்களில் ஆண் பூவில் சிலவற்றைப் பறித்து அரிசிமாவும் கடலைமாவும் கரைத்துத் தோய்த்துப் பொரியுங்கள். வங்காளிகள் பூசணிப்பூவை இப்படித்தான் கொண்டாடுகிறார்கள்.

ஜூலை 12

சென்ற முறை சொன்னதில் விடுபட்ட ஒன்று. பூவுக்கு ஆசைப்பட்டு நைட்ரஜன் உரத்தைக் கூட்டாதீர்கள். கொடியும் இலையும்தான் பெருக்கும். மக்கிய எருவும், வேர்ப்பகுதியில் ஆழமாக இறங்கும் தண்ணீரும் போதும்.

ஜூலை 29

பெண் பூக்கள் வரத் தொடங்கிவிட்டன. விடியலில் போய் நின்றால், வளர்ப்புத் தேனீ எழுவதற்கு முன்பே பூசணிக்கென்றே வாழும் ஒரு காட்டுத் தேனீ இனம் பூவுக்குள் மகரந்தத்தில் புரண்டுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். இங்கே அதைப் பூசணித் தேனீ என்கிறார்கள். பெண் தேனீ மண்ணில் வளை தோண்டி வாழும். ஆண் தேனீக்கு வீடு கிடையாது. பகலில் கூம்பிய பூவுக்குள்ளேயே படுத்துத் தூங்கும். மதியம் வாடிய ஓர் ஆண் பூவை மெல்லப் பிரித்துப் பாருங்கள், உள்ளே ஒன்று அசையாமல் கிடக்கும், அப்படியே மூடிவிடுங்கள். மெக்சிகோ பக்கத்திலிருந்து மனிதர்கள் பூசணியை வடக்கே கொண்டுவந்தபோது அந்தப் பயிரைத் தொடர்ந்து இந்தத் தேனீயும் பரவி வந்திருக்கிறது. பூசணிப் பாத்தியில் மருந்து அடிக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குத் தண்டுத் துளைப்பானைவிட இந்தத் தேனீதான் பெரிய காரணம். மண்ணை ஆழமாகக் கிளறினாலும் அதன் வளை கெடும்.

தேனீ இல்லாத இடங்களில், காலை ஒன்பது மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டை நான்கைந்து பெண் பூக்களின் சூல்முடியில் தடவுங்கள். மகரந்தம் சேராத பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளித்துச் சுருங்கி உதிர்ந்துவிடும்.

ஆகஸ்ட் 4

சுக்கினியை ஏன் சேர்த்துப் போட்டேன் என்பதற்கான விடை இன்று தோட்டத்திலேயே இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்திலிருந்து சுக்கினி காய்த்தது. இந்த வாரம் இரண்டு செடியும் எதிர்பார்த்தபடியே துவண்டுவிட்டன. அவற்றைப் புழுவோடு பிடுங்கிக் குப்பையில் கட்டிப் போட்டாயிற்று. உரக்குழியில் போட்டால் புழு மண்ணுக்கு இறங்கிவிடும். அதே வாரத்தில் ட்ரொம்போன்சீனோ முதல் காய்களைத் தருகிறது. இது தாமதமாகத் தொடங்கும் பயிர். சுக்கினியை ஒரு மாதத்துக்கான பயிராக ஏற்றுக்கொண்டு, ஆகஸ்டிலிருந்து உறைபனிவரை இதை நம்பினால் அடுப்படியில் இடைவெளி விழாது. சுக்கினியை அடியோடு கைவிடச் சொல்லி மார்ச்சில் நான் எழுதிய தொனியை இவ்வளவு தளர்த்திக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 7

சமையல் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். சுக்கினியைப் போல இது தண்ணீர் விட்டுக் குழைவதில்லை. கழுத்தை வட்டமாக நறுக்கினால் உள்ளே விதையும் இல்லை, பஞ்சும் இல்லை. பிஞ்சாக இருந்தால் தோலும் சீவ வேண்டாம். பாசிப்பருப்பை முக்கால் வேக்காட்டில் எடுத்து, நறுக்கிய காயைப் போட்டு, தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்து விட்டுக் கூட்டாகச் செய்தால் துண்டு துண்டாக நின்று, பரங்கிப் பிஞ்சின் லேசான இனிப்போடு இருக்கும். பால் கூட்டுக்கும் இது நன்றாக ஒத்துவரும். சுக்கினியில் பால் கூட்டு செய்து நீர்த்துப்போய் வெறுத்தவர்கள் இதைச் செய்து பாருங்கள். லிகூரியாக்காரர்கள் ஆலிவ் எண்ணெயும் பூண்டும் போட்டு வதக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காய் புதிதாக இருக்கும் நாளில் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படுவதில்லை.

ஆகஸ்ட் 9

எந்த நீளத்தில் பறிப்பது என்பதில் எனக்கு இப்போது சிறு மறுயோசனை. ஓர் அடிக்குள் பறிக்க வேண்டும் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். கழுத்தின் தடிமனைப் பார்ப்பதே சரி என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றரை அடி நீண்டிருந்தாலும், கழுத்து கட்டைவிரலைவிடச் சற்றே தடித்திருந்து, நகம் அழுத்தியதும் தோலில் எளிதாக இறங்கினால் அது பிஞ்சுதான். பளபளப்பு மங்கி, நகம் இறங்கத் தயங்கினால் தோல் சீவித்தான் சமைக்க வேண்டும். கொடியில் ஒன்றிரண்டு முற்றத் தொடங்கினால் புதிய பிஞ்சு குறைந்துவிடும். ஆகையால் ஒன்றுவிட்டு ஒருநாளாவது பந்தலுக்குள் நுழைந்து இலைமறைவில் தேடுங்கள்.

ஆகஸ்ட் 24

ட்ரொம்போன்சீனோவிலும் துளை கண்டேன், எதிர்ப்புச் சக்தி என்றீர்களே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எதிர்ப்பு உண்டு, முழு விலக்கு இல்லை. அடித்தண்டிலோ இலைக்காம்பிலோ புழு நுழைவது உண்டு. ஆனால் கெட்டித் தண்டில் அது வெகுதூரம் போக முடிவதில்லை. கணுக்கள் மண்ணில் படும் இடமெல்லாம் இந்தக் கொடி வேர்விடும் என்பதால் அடியில் சேதம் வந்தாலும் மேலே கொடி தாக்குப்பிடிக்கும். பந்தலில் ஏற்றுவதற்கு முன் இரண்டு மூன்று கணுக்களைத் தரையோடு படுக்கவைத்து மண் அணைத்துவிடுவது இதற்காகத்தான்.

வேறு இரண்டு தொல்லைகளைக் கவனியுங்கள். இலையின் அடிப்பக்கம், நரம்புகள் பிரியும் கவையில் வெண்கல நிற முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தால் அவை பூசணி நாவாய்ப்பூச்சியின் முட்டைகள். ஒட்டும் நாடாவை அழுத்தி எடுத்தால் மொத்தமாக வந்துவிடும். இலைமேல் வெள்ளை மாவு படிந்தால் சாம்பல் நோய். ஆகஸ்ட் கடைசியில் அது வருவது இயல்பு. பழைய அடியிலைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுத்தால் கொடி சமாளித்துக்கொள்ளும்.

செப்டம்பர் 15

கோவையிலிருந்து எழுதிய நண்பருக்கு: அங்கே இதற்கென்று அலைய வேண்டாம் என்பது என் நேர்மையான பதில். இதை நாங்கள் நாடிப் போகக் காரணமான தண்டுத் துளைப்பான் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. உங்கள் பந்தலில் முதல் எதிரி பழ ஈ. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 பரங்கி ரகங்களும் மொஸ்காட்டா இனம்தான். அவற்றையோ உங்கள் ஊர் நாட்டு விதையையோ போட்டுப் பிஞ்சிலேயே பறியுங்கள்.

அக்டோபர் 13

உறைபனிக்கு முன் விதைக்காக விட்டிருந்த காய்களை அறுத்தாயிற்று. முற்றியவை பச்சை மாறிச் சந்தன நிறத்தில், கை நீளத்துக்கு, குடம் பெருத்து நிற்கின்றன. குளிர்காலம் முழுக்க வைத்துச் சமைக்கலாம். ஆனால் முற்றிய காய்க்காக மட்டும் இதை வளர்ப்பவர்களுக்கு நான் பட்டர்நட்டைத்தான் சொல்வேன். இனிப்பும் அடர்த்தியும் அதில் கூடுதல்.

விதை கேட்டவர்கள் அனைவரும் இதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். மொஸ்காட்டா பூ சுக்கினியோடு இயல்பாகக் கலப்பதில்லை. ஆகவே பக்கத்தில் சுக்கினி இருந்தால் பாதகமில்லை. பட்டர்நட் அருகில் இருந்தால் நிச்சயம் கலக்கும். மறுநாள் மலரப்போகும் ஆண், பெண் மொட்டுகளை முந்தைய மாலையே நாடாவால் கட்டி, காலையில் அவிழ்த்துக் கையால் சேர்த்து, மீண்டும் கட்டிவைத்த காயிலிருந்துதான் நான் விதை எடுக்கிறேன். அறுத்தபின் குறைந்தது மூன்று வாரம் காயை அப்படியே வைத்தால் விதை உள்ளேயே இன்னும் பருக்கும். பிறகு கழுவி நிழலில் உலர்த்தினால் ஐந்தாறு ஆண்டுகள் முளைக்கும்.

அக்டோபர் 16

கசப்பு பற்றி ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குத் தனியே பதில் எழுத வேண்டும். வீட்டில் எடுத்த பூசணி, சுரை விதையிலிருந்து வந்த காய் கசந்தால் ஒரு வாய் கூட உண்ணக் கூடாது. கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் வேகவைத்தாலும் போகாது. 2015இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினி உண்டு 79 வயது முதியவர் ஒருவர் இறந்தார். 2010இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த அறிவியலாளர் ஒருவர் இறந்ததை அடுத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழுவே அமைக்க நேர்ந்தது. அலங்காரத்துக்கு வளர்க்கும் சிறு பூசணிகள் சுக்கினி இனத்தோடு கலக்கும்போது இந்த ஆபத்து கூடும். ஒவ்வொரு கொடியின் முதல் காயிலும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் அந்தக் கொடியையே பிடுங்கிவிடுங்கள்.

நவம்பர் 3

விதை காய்ந்துவிட்டது. முதலில் கேள்வி கேட்டவருக்கு ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறேன். கொல்லையில் பட்டர்நட்டும் போடுவதாக அவர் எழுதியிருப்பதால், முதல் ஆண்டு காய்களை உண்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மொட்டுக் கட்டும் பழக்கம் கைக்கு வந்தபின் இரண்டாம் ஆண்டிலிருந்து விதை எடுக்கலாம். இந்த ஆண்டு சுக்கினி இருந்த பாத்தியை அவரையோ பீன்ஸோ போட்டு ஓராண்டு மாற்றிவிட்டு, கம்பி வளைவை எதிர்ப்பக்கம் நடச் சொல்லுகிறேன்; தரை உறையுமுன் இரும்புக் கால்களை அடித்துவிட்டால் மே மாத வேலை பாதியாகும்.